சொன்னால் போதுமா?

2018ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை மாலை. பக்கத்து நகரத்து மருத்துவமனைக்குக் கொஞ்சம் பழங்கள் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த பையன் ஒருவன் அங்கே படுத்திருந்தான். வயது 19. இரும்புத் தகடுகளை அழுத்தி உருவம் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாள் அது நடந்தது. வலக்கையில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நுனிக் கணு போய்விட்டது.

கட்டிலருகே அவன் தாயார். கதவோரத்தில், உள்ளே வரத் தயங்கியபடி, அவனுடைய மேற்பார்வையாளர். அவரும் நம்மவர்தான். எங்கள் தோட்டத்து லயத்திலே பிறந்து வளர்ந்து, தோட்டத்தில் வேலை சுருங்கியபோது நகரத்துக்குப் போய், அதே தொழிற்சாலையில் 15 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து அந்தப் பதவிக்கு வந்தவர். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. கோயில் திருவிழா என்றால் முதல் ஆளாக வந்து பந்தல் போடுகிறவர். என்னைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சொன்னேனே டீச்சர்! சுவிட்ச அடைச்சிட்டுத்தான் உள்ள கைய விடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

கட்டிலில் இருந்தவன் மெல்லத் தலையைத் திருப்பினான்.

"அடைச்சேன் டீச்சர். அடைச்சிட்டுத்தான் கைய வச்சேன்."

இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. அது எனக்கு அன்று விளங்கவில்லை, பிறகுதான் விளங்கியது. அந்த இயந்திரத்தின் பக்கவாட்டில் கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று உண்டு. மோட்டார் அந்தச் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தில் சேர்ந்திருக்கும் வேகந்தான் மேலச்சைக் கீழே இறக்கித் தகட்டை அழுத்தும். சுவிட்சை அடைத்தால் மோட்டார் நிற்கும். சக்கரம் உடனே நிற்காது. மின்விசிறியை அடைத்த பிறகும் அது சற்று நேரம் சுற்றுவதைப் பார்க்கிறோம் அல்லவா? இரும்புச் சக்கரத்தின் கனத்துக்கு அது இன்னும் நெடுநேரம் சுற்றும். அப்படிச் சுற்றுகிற வரையில், காலடியில் உள்ள மிதியைத் தட்டினால் மேலச்சு இறங்கத்தான் செய்யும். பையன் சுவிட்சை அடைத்தான். சிக்கிக்கொண்ட தகட்டை எடுக்கக் குனிந்தான். குனிந்தபோது கால் மிதியில் பட்டது.

மேற்பார்வையாளர் 15 ஆண்டுகளாக எத்தனையோ தடவை அதே தகட்டை எடுத்தவர். ஒவ்வொரு தடவையும் சுவிட்சை அடைத்துவிட்டு, ஓரக் கண்ணால் சக்கரத்தைப் பார்த்து, அது நின்ற பிறகுதான் கையை விடுவார். அப்படிப் பார்ப்பது அவருக்கே தெரியாது. கண் தானாகச் செய்கிற காரியம். தெரியாததை எப்படிச் சொல்லிக் கொடுப்பார்?

வராந்தாவில் ஒரு முடிச்சு

விபத்துக்குப் பிறகு அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அந்த மிதியைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒருசேர அழுத்தினால் மட்டுமே அச்சு இறங்கும்படி மாற்றினார்கள். அச்சுக்கு முன்னால் காப்புத் தடுப்பும் வந்தது. இதெல்லாம் முதலிலேயே இருந்திருக்க வேண்டியவை. இதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி என்பது காப்புத் தடுப்புக்கு மாற்று அல்ல. தடுப்பு போடப் பணமில்லாத நிர்வாகம் பயிற்சிக்குப் பணம் செலவழிப்பது, கூரை ஒழுகும் வீட்டில் தரைக்குப் பளிங்கு பதிப்பது போல.

மாற்றியதோடு நிற்காமல், மேற்பார்வையாளர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறையும் நடத்தினார்கள். நாளுக்கு 2 மணி நேரம், 5 நாட்கள். தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலையிலேயே, பத்துப் பேர் மட்டும். மூன்றாம் நாள் மாலை நம் மேற்பார்வையாளர் என் வீட்டு வராந்தாவுக்கு வந்தார். கையில் ஒரு முழ நீளத்துக்கு இரட்டை மின்கம்பி.

"டீச்சர், ஒரு முடிச்சு சொல்லித் தர்றேன், போடுங்க பார்ப்போம்" என்றார்.

அந்த முடிச்சு, கூரையிலிருந்து தொங்கும் விளக்கின் தாங்கிக்குள் போடுவது. கம்பியை யாராவது இழுத்தால் இழுவை முடிச்சில் நிற்கும்; உள்ளே திருகாணியில் மாட்டிய கம்பி முனை பிய்ந்து வராது. அவர் கம்பியைக் காட்டாமல் வாயால் மட்டும் சொன்னார். வலக்கம்பியை முன்பக்கமாக வளைத்து ஒரு வளையம் போடுங்கள். இடக்கம்பியை வலக்கம்பியின் முனைக்கு அடியில் கொண்டுபோய், பெருங்கம்பிக்குப் பின்னால் சுற்றி, வளையத்துக்குள் விட்டு இழுங்கள். சொன்னது முழுவதும் சரியானது. எனக்கு முடிச்சு விழவில்லை. சடைப்பின்னல் பிரிந்த மாதிரி ஆனது.

அடுத்து, வாய் பேசாமல் செய்து காட்டினார். எனக்கு எதிரே உட்கார்ந்து, சரசரவென்று ஒரு முடிச்சு. பார்த்தேன், புரிந்தது போல இருந்தது. போட்டேன், விழவில்லை. எதிரே உட்கார்ந்திருந்ததால் அவருடைய வலம் எனக்கு இடமாகிவிட்டது.

மூன்றாவதாக, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில், நான் பார்க்கிற திசையிலேயே போட்டுக்கொண்டார். இதற்கு முன் இப்படி முடிச்சு எதாவது போட்டதுண்டா என்று கேட்டார். எதற்காக இந்த முடிச்சு என்று சொன்னார். ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்திக் காட்டினார். எந்த இடத்தில் கவனம் வேண்டும், ஏன் வேண்டும் என்று சொன்னார். பிறகு கம்பியை என் கையில் கொடுத்து, "இப்ப நீங்க போடுங்க. போடும்போதே என்ன செய்யறீங்கன்னு எனக்குச் சொல்லுங்க" என்றார். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். நான்காம் தடவை பேசிக்கொண்டே போட்டுவிட்டேன்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கம்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே, "அந்தப் பையனுக்கு நான் முத தடவ சொன்ன மாதிரிதான் டீச்சர் சொன்னேன்" என்றார்.

நான் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியவள். சொல்வது வேறு, கற்பிப்பது வேறு என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் அந்த வேறுபாடு என் விரலில் உறைத்தது.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

அந்த முடிச்சுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், உலகப் போர் மூண்டிருந்த நேரத்தில், அமெரிக்க அரசாங்கம் தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி தருவதற்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. டி.டபிள்யு.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தேர்ந்த தொழிலாளர் பலர் படைக்குப் போய்விட, இயந்திரத்தையே பார்த்திராத பெண்களும் முதியவர்களும் கிராமத்து இளைஞர்களும் தொழிற்சாலைக்குள் வந்த காலம் அது. கண்ணாடி வில்லை தீட்டுகிறவன் தேர்ச்சி பெற ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பது அன்றைய நம்பிக்கை. போர் அவ்வளவு காலம் காத்திருக்குமா? வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் உள்ள சூட்சுமத்தைக் கண்டெடுத்து, அதை முறையாகக் கற்பித்தார்கள். ஆண்டுகள் மாதங்களாகச் சுருங்கின.

தொழிலாளரை ஒவ்வொருவராகப் பிடித்துப் பயிற்சி கொடுக்க முடியாது. ஆகவே மேற்பார்வையாளருக்குக் கற்பிக்கும் முறையைக் கற்பித்தார்கள். வேலையைச் சொல்லித் தருவது, ஆட்களிடம் நடந்துகொள்வது, வேலை செய்யும் முறையைச் செம்மை செய்வது என்று மூன்று பாடங்கள். ஒவ்வொன்றும் 10 மணி நேரம், 2 மணி வீதம் 5 அமர்வுகள். எங்கள் நகரத்துத் தொழிற்சாலையில் நடந்ததும் அதே கணக்குத்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் பாடத்தில் அன்று காட்டியதும் அதே மின்கம்பி முடிச்சுதான். 1945இல் அந்த அமைப்பை மூடும்போது ஏறத்தாழ 17 லட்சத்து 50 ஆயிரம் பேர் சான்றிதழ் பெற்றிருந்தார்கள். போருக்குப் பிறகு இந்த முறை ஜப்பானுக்குப் போயிற்று. 1950களில் டொயோட்டா நிறுவனம் அதைக் கைக்கொண்டது. இன்று ஜப்பானியர் முறை என்று நாம் வியந்து பேசுவதில் ஒரு பங்கு இந்த வழியாக வந்தது.

அதற்கும் முன்னால் போனால் இன்னும் சுவையான செய்தி. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் துறைமுகங்களில் சார்ல்ஸ் ஆலன் என்பவர் நான்கு படிகளை வகுத்தார். மாணவனை ஆயத்தப்படுத்து, எடுத்துக் காட்டு, செய்ய விடு, சோதித்துப் பார் என்பவை அவை. 1919இல் புத்தகமாகவும் எழுதினார். இந்தப் படிகள் எந்தத் தொழிற்சாலையிலும் பிறந்தவை அல்ல. ஹெர்பார்ட் என்ற ஜெர்மானியக் கல்வியாளரின் வழி வந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்கென வகுத்த பாடப் படிகளின் வாரிசுகள். ஹெர்பார்ட் 1841இல் காலமானவர். அவர் பெயரை நாங்கள் பயிற்சிக் கல்லூரியில் மனப்பாடம் செய்தோம். எதற்காகச் செய்கிறோம் என்று எங்களுக்கும் யாரும் 'ஏன்' சொல்லவில்லை!

நாள்தோறும் நாங்கள் எழுதும் பாடக் குறிப்பில் முதல் வரி 'பீடிகை'. பாடத்தைத் தொடங்குமுன், பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று தொட்டுப் பார்க்கும் சிறு பகுதி. மேற்பார்வையாளர் அன்று என்னிடம், "இதற்கு முன் இப்படி முடிச்சுப் போட்டதுண்டா?" என்று கேட்டது பீடிகை அல்லாமல் வேறென்ன? பள்ளிக்கூடத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போன பொருள், ஒரு நூற்றாண்டு கழித்து, மின்கம்பியைச் சுருட்டிக்கொண்டு என் வராந்தாவுக்குத் திரும்பி வந்திருந்தது.

இந்தப் பட்டறைகளின் அடிப்படை ஒரே கருத்துதான். வேலை செய்கிறவன் கற்றுக்கொள்ளவில்லை என்றால், கற்பித்தவன் கற்பிக்கவில்லை என்று பொருள். நம் ஆசிரியர்களுக்கே கசக்கிற கருத்து இது. மண்டோர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் கசக்காமல் இருக்குமா?

குலை வெட்டில் எத்தனை சூட்சுமம்?

தோட்டத்துக்கு வருவோம். எங்கள் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுப் பிள்ளைகள். மண்டோர் நம்மவர், அவர் மகள் என் வகுப்பில் படித்தவள். பள்ளியில் ஒரு கூட்டுப்பணி நாளில் இந்த முடிச்சுக் கதையை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தாமும் ஒரு பட்டறைக்குப் போய் வந்தவர்தான் என்றார். நகரத்து ஓட்டலில் இரண்டு நாள். குளிர்சாதன அறை, இரண்டு வேளை தேநீர், பகலுக்குப் பிரியாணி. தலைமைத்துவம் பற்றி ஆங்கிலத்தில் படம் போட்டுப் பேசினார்கள். பழைய செய்தித்தாளை ஒட்டி யார் உயரமான கோபுரம் கட்டுகிறார்கள் என்று போட்டி. இவர் குழுவுக்கு இரண்டாம் பரிசு. சான்றிதழ் வாங்கும்போது படம் எடுத்தார்கள். மறுநாள் பெரட்டில் நின்றபோது, முந்தின வாரம் போலவேதான் கத்தியதாக அவரே சொன்னார்.

இப்படிப்பட்ட பட்டறைகளைக் குறை சொல்லிச் சிரிப்பது எளிது. விளையாட்டிலும் ஒன்றிரண்டு நல்லது இருக்கலாம். ஆனால் வெட்டுக்காட்டில் நிற்கிற மனிதருக்கு அங்கே உதவுகிற ஒன்றையாவது கையில் கொடுத்து அனுப்ப வேண்டாமா? அவருக்குப் புரிகிற மொழியில் பேச வேண்டாமா?

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்து மூன்று பத்தியாகப் பிரித்துக் கொடுத்தேன். முதல் பத்தியில் படி, அடுத்ததில் சூட்சுமம், மூன்றாவதில் ஏன். தொழிற்சாலைப் பட்டறையில் மேற்பார்வையாளருக்குக் கொடுத்த தாளும் இதே அமைப்புத்தான். "குல வெட்டுறதுல என்னா டீச்சர் இருக்கு? பாரு, வெட்டு, தூக்கு. அவ்வளவுதான்" என்றார் மண்டோர். எழுதத் தொடங்கினோம். மூன்று மாலைப்பொழுது ஆயிற்று.

மரத்தடிக்குப் போனதும் முதலில் மேலே பார்க்க வேண்டும். ஏன்? மின்கம்பி போகிறதா என்று. அரிவாள் கட்டிய அலுமினியக் கம்பம் மின்கம்பியில் பட்டால் ஆள் பிழைப்பது அரிது. பிறகு கீழே பார்க்க வேண்டும். உதிர்ந்த பழம் கிடக்கிறதா? குலையிலிருந்து குறைந்தது 10 பழமாவது உதிர்ந்திருந்தால் அது பழுத்த குலை என்பது ஆலைத் தர அளவு. ஒன்றுகூட உதிராத குலையை வெட்டினால் எண்ணெய் குறைவு, ஆலையில் கழிவு. அடுத்தது நிற்கும் இடம். குலைக்கு நேர் கீழே நிற்கக் கூடாது; மட்டையும் குலையும் விழும் பக்கம் தவிர்த்து ஒதுங்கி நிற்க வேண்டும்; பின்னால் கால் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணாந்து வெட்டும்போது கண்ணுக்குக் காப்பு வேண்டும், ஏனென்றால் முள்ளும் தூசியும் நேரே கண்ணில் விழும். வெட்டிய குலையின் காம்பைக் குட்டையாக நறுக்க வேண்டும். நீளக் காம்பில் எண்ணெய் இல்லை, எடைதான் உண்டு. அரிவாளைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும்போது அலகுக்கு உறை மாட்ட வேண்டும்.

மண்டோர் எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார். "இது ஒன்னையும் நான் அவனுங்களுக்குச் சொன்னதில்ல டீச்சர். நானும் யாரும் சொல்லிக் கேட்டதில்ல. எங்கப்பா பின்னால போய்ப் பாத்துக்கிட்டதுதான்."

இதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிள்ளை தகப்பனோடு நிரைக்குப் போயிற்று. பால்மரம் சீவக் கற்றுக்கொண்டது அப்படித்தான். பட்டைக்குள் கத்தி எவ்வளவு போகலாம், எங்கே போனால் மரத்துக்குக் காயம் என்பதைத் தாய் கையைப் பிடித்துக் காட்டினாள். வாரக்கணக்கில் தவறு செய்யலாம். திருத்த ஆள் பக்கத்திலேயே இருக்கும். இன்று கடல் கடந்து வருகிற பிள்ளைக்குத் தகப்பன் பக்கத்தில் இல்லை. நகரத்துத் தொழிற்சாலைக்குப் போகிற நம் பிள்ளைக்கும் இல்லை. தகப்பன் செய்த வேலையை இப்போது மேற்பார்வையாளர் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மொழி வேறு என்பதால் சொல்லித் தர முடியவில்லை என்று மண்டோர்கள் சலித்துக்கொள்வது உண்டு. எங்கள் மண்டோர் கண்டது வேறு. மொழி தெரியாத பிள்ளைக்கு வாயால் சொல்ல முடியாது என்பதாலேயே, செய்து காட்டி, செய்ய விட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. மொழி தெரிந்தவனிடம்தான் "சொல்லியாச்சு" என்று நகர்ந்துவிடுகிறோம்!

ஆட்களிடம் பேசுவது

இரண்டாவது பாடம் ஆட்களிடம் நடந்துகொள்வது. அதற்கு நான்கு அடித்தளம் சொல்கிறார்கள். ஒருவன் தன் வேலையை எப்படிச் செய்கிறான் என்பதை அவனுக்குத் தெரியப்படுத்து. நன்றாகச் செய்தால் அப்போதே பாராட்டு. அவனைப் பாதிக்கும் மாற்றம் வந்தால் முன்கூட்டியே சொல். அவனிடம் உள்ள திறமையை வீணாக்காதே. பார்த்தால் பாட்டி சொல்கிற புத்திமதி போலத்தான் இருக்கிறது. ஆனால் நம் தோட்டங்களின் கதையை நினைத்துப் பாருங்கள். கங்காணி ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தவர். அவருடைய அதிகாரம் உறவிலும் கடனிலும் நின்றது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தபோது அந்த ஆள் கட்டும் முறை முடிவுக்கு வந்தது. ஆள் கட்டுவது போயிற்று. அதட்டும் குரல் மட்டும் போகவில்லை. அது மண்டோருக்கு வந்தது, மண்டோரிடமிருந்து தொழிற்சாலைக்கும் பஸ் ஏறிப் போயிற்று.

நம் பையன்கள் மூன்று நாள் வேலை பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள், பொறுமை இல்லை என்று பெற்றோரே சொல்கிறோம். உண்மையும் இருக்கலாம். ஆனால் அந்த மூன்று நாளில் அவனிடம் யார், எப்படிப் பேசினார்கள் என்று கேட்டோமா? விரலை இழந்த பையனும் முதல் நாள் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறான். பக்கத்தில் இருந்தவர், "இதுகூடத் தெரியாதா?" என்றாராம். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

சட்டமும் பணமும்

மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சுகாதாரச் சட்டம், தொழிலாளிக்கு வேண்டிய தகவல், கற்பிப்பு, பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றைத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. 2022இல் அது திருத்தப்பட்டு, திருத்தம் 2024 ஜூன் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. 5 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், பாதுகாப்பு அதிகாரி இல்லை என்றால், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால், அதை முதலாளி நீக்காதபோது, அங்கிருந்து விலகிப் போகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் இந்த உரிமையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்களா?

பணமும் இல்லாமல் இல்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மனிதவள மேம்பாட்டு நிதி உருவாயிற்று. சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம், 10 பேரும் அதற்கு மேலும் உள்ளூர்த் தொழிலாளரை வைத்திருந்தால், அவர்களுடைய மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டுக்கு ஈடான தொகையைக் கட்ட வேண்டும். இதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பயிற்சி நடத்தினால் அந்த நிதியிலிருந்து செலவைத் திரும்பப் பெறலாம். உள்ளூர்த் தொழிலாளருக்கான கணக்கு இது; குலை வெட்டுகிற வெளிநாட்டுப் பிள்ளை இதற்கு வெளியே நிற்கிறான். கம்பத்தைப் பிடித்து நிற்பவன் கணக்கில் இல்லை!

சிங்கப்பூரில் 1979இல் இது போன்ற திறன் மேம்பாட்டு நிதி வந்தது. 1983இல், தொடக்கக் கல்வி நிறைவு பெறாத தொழிலாளருக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்க 'பெஸ்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படிக்க முடியாதவனுக்கு எந்தப் பயிற்சியும் அரைப் பயிற்சிதான் என்பதை அவர்கள் காலத்தோடு கண்டுகொண்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

பிள்ளை புதிதாக வேலைக்குப் போய் மாலையில் திரும்பும்போது, சம்பளம் எவ்வளவு, ஓ.டி. உண்டா என்று கேட்கிறோம். தாய்மார்களே, இன்னொன்றும் கேளுங்கள். "இன்னிக்கு உனக்கு யாரு வேலை காட்டினா? உன்னயச் செய்யச் சொல்லிப் பக்கத்துல நின்னு பாத்தாங்களா?" பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே வேலையை விளக்கிச் சொல்லட்டும். தடுமாறுகிற இடம் எதுவோ, அதை மறுநாள் போய்க் கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்த இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வெள்ளைக் கோடு

பையனுக்குப் பெர்கேசோ இழப்பீடு கிடைத்தது. வேறு வேலைக்குப் போவான் என்று எல்லாரும் நினைத்தோம். அவன் அதே தொழிற்சாலைக்குத் திரும்பிப் போனான். முதலில் சரக்குக் கிடங்கில் போட்டார்கள். பிறகு மேற்பார்வையாளரே நிர்வாகத்திடம் கேட்டுத் தம் பகுதிக்கு அழைத்துக்கொண்டார். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் வேலை காட்டும்போது அவனும் கூட நிற்கிறான்.

சென்ற ஆண்டு அந்தத் தொழிற்சாலையில் குடும்ப நாள் நடந்தபோது அவன் தாயாரோடு நானும் போயிருந்தேன். அவன் எங்களை உள்ளே அழைத்துப் போய் அந்த இயந்திரத்தைக் காட்டினான். இரும்புக் கம்பி வலைக்குள் பெரிய சக்கரம் இருந்தது. அதன் குறுக்கே, நடுவிலிருந்து விளிம்பு வரை, வெள்ளைச் சாயத்தில் ஒரு கோடு.

"இது எதுக்குடா?" என்று கேட்டேன்.

"சக்கரம் ஒரே கறுப்பா இருக்கும் டீச்சர். மெதுவா சுத்தும்போது நிக்குதா சுத்துதான்னு தெரியாது. அதான் கோடு போடச் சொன்னேன். கோடு நின்னாதான் சக்கரம் நின்னுச்சு."

மேற்பார்வையாளர் சற்றுத் தள்ளி, வேலைக்கு வந்து சில நாளே ஆன ஓர் இளைஞனோடு நின்றிருந்தார். அவனுக்கு எதிரே நிற்கவில்லை. பக்கத்தில், அவன் பார்க்கிற திசையிலேயே நின்றார். சுவிட்சை அடைத்துவிட்டு வாயைத் திறக்காமல் காத்திருந்தார். அந்த இளைஞன் வலைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தான். கோடு மெல்ல மெல்லச் சுற்றிக் கீழே வந்து, கொஞ்சம் பின்னால் ஆடி, நின்றது.

"நின்னுடுச்சுண்ணே" என்றான்.

"இப்ப எடு" என்றார் அவர்.